முப்பத்தோரு தப்படி

காலையில் முப்பத்தோரு தப்படி.
வேப்பமரத்தடியில் நின்று அமுக்கினாலும்
ஷட்டர் காது கொடுக்கிறது.
இரவில் அதே விரல், அதே பொத்தான்,
காரின் மூக்கு தகரத்தை முட்டுகிறவரை
கம்மென்று கிடக்கிறது.

கண்டனூரில்
முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறுதெருவிலுமாக
நீண்டு கிடக்கும் வீட்டின் கடைசி முழம்
என் வாடகைக்கு.
வண்டிக்கொட்டகை இருந்த இடத்தில்
மோட்டார் வைத்த ஷட்டரைப் போட்டுவிட்டு
கோயம்புத்தூர் போய்விட்டார் சாத்தப்பன்.
ரிமோட்டைக் கையில் வைத்தபோது சொன்னார்:
"இனி இறங்கவே வேண்டியதில்ல டாக்டர்."

டாக்டர்தான், மாட்டுக்கு.
மித்ராவயலில் கன்றை இழுத்துப் போட்டுவிட்டு
முழங்கை வரை பனிக்குட வாடையோடு
ராத்திரி பதினொன்றுக்கு
இறங்கித்தான் நிற்கிறேன்,
தகரத்தின் முகத்துக்கு நேரே
பேயோட்டுகிறவர் வேப்பிலையை ஆட்டுவதுபோல
ரிமோட்டை ஆட்டிக்கொண்டு.

புதுவயல் சகாயராஜ், மோட்டார் மாட்டியவர், போனில்:
"சுவரு ரெண்டடி கனம் மேடம்.
செம்பராங்கல்லு. அலை நுழையாது."
பகலில் அந்தச் சுவரைக்
கழற்றியா வைத்திருக்கிறோம் என்றேன்.
"அதானே" என்றார்.
அத்தோடு அவர் வைத்தியம் முடிந்தது.

வாயில்லாத நோயாளி எனக்குப் புதிதில்லை.
கழனிவாசல் கடிகாரக் கடையில் பேட்டரி மாற்றினேன்.
பழசை மீட்டரில் வைத்துப் பார்த்து
"இதுவே நல்லாத்தான் இருக்கு" என்ற கடைக்காரர்
புதுசுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.
ஏணி போட்டு ஏறினேன்.
பெட்டிக்குப் பின்னால் ஏரியல் கம்பி
சுருண்டு ஒட்டடைக்குள் கிடந்தது.
பேறுகாலத்தில் மடங்கிப்போன முன்னங்காலை
நேராக்குவதுபோல நீட்டிவிட்டேன்.
இரவில் இரண்டு தப்படி ஆறானது.
அவ்வளவுதான்.

காலண்டர் தாளின் முதுகில் எழுதினேன்:
காலை 31. மதியம் 31.
மாலை ஆறு மணி, 30.
ஆறரை, 6.
ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில்
எது வந்து குறுக்கே படுக்கிறது?
பனியா? கோயில் மைக் செட்டா?
எதிர்வீட்டுப் பையனின் வைஃபையா?

வெள்ளிக்கிழமை கரண்ட் போனது.
ஊர் முழுக்க மை.
மரத்தடியில் காரை நிறுத்திப்
பையைத் துழாவும்போது
கை தவறிப் பொத்தானில் பட்டது.
தூரத்தில், இருட்டுக்குள்,
கர்ரென்று தகரம் சுருளும் சத்தம்.

முதுகுத்தண்டு சில்லிட்டது.
யாரோ உள்ளேயிருந்து திறக்கிறார்கள்.
ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி
நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
யாரும் வரவில்லை.

இன்வெர்ட்டரில் மோட்டாரை மட்டும்தான் கொடுத்திருக்கிறது.
பல்பைக் கொடுக்கவில்லை.

பல்பு!

மோட்டார் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி
நானே மாட்டியது.
சந்தையில் நூறு ரூபாய்க்கு இரண்டு,
பொழுது சாய்ந்தால் தானாக எரியும் எல்.ஈ.டி.
ஆள் இருக்கிற வீடு என்று தெரு நினைக்கட்டுமே.
(தெரு மட்டுமா.)
வெளிச்சத்தோடு வெளிச்சமாக
நமக்குக் கேட்காத எதையோ
ஓயாமல் இரைந்துகொண்டிருந்திருக்கிறது அது.
பக்கத்தில் இருப்பவள் கத்தினால்
தூரத்தில் கூப்பிடுகிறவள் குரல் எங்கே ஏறும்?

கழற்றினேன். இரவு, 31.
இரண்டு முறை எழுதி அடிக்கோடிட்டேன்.
சகாயராஜ் சிரித்தார்: "பல்பா மேடம்?"
கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில்,
"எங்க கடை ஷட்டரும் ராத்திரியில மக்கர் பண்ணுது."

இப்போதெல்லாம் வேப்பமரத்திலிருந்தே திறக்கிறேன்.
சொன்ன பேச்சைக் கேட்கிறது.
ஹெட்லைட்டில் ஒரு நொடி
பினாயில் கேன், சாத்திய ஏணி,
எனக்கு முன்பே வந்து படுத்திருக்கும் பூனை.
சாவியைத் திருப்பினால் எல்லாம் அணைந்துவிடும்.
அங்கிருந்து உள்வாசல் சுவிட்சு வரைக்கும்
எத்தனை தப்படி என்று
இன்னும் அளக்கவில்லை.